சுத்தம் செய்த கைத்துப்பாக்கியைத் திரும்பப் பூட்டும்போது தப்பாகிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உரிமம் வாங்கி முறையாகத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள், பயிற்சிக் களத்தில் சுடுபவர்கள், இவர்களுக்காக எழுதியது. கழற்றுவது எல்லோருக்கும் வந்துவிடுகிறது. எண்ணெய் போட்டு, துடைத்து, திரும்பப் பூட்டும்போதுதான் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்துகொள்கிறது. அப்போது வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

ஸ்லைடு, அதாவது துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம், பாதியில் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

கையை எடுங்கள். உண்மையாகவே கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். துப்பாக்கி கெட்டுப்போவது தப்பாகப் பூட்டியதால் அல்ல, அதற்கு அடுத்த பத்து விநாடியில் "இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்" என்று நினைத்து அழுத்துவதால்தான். சிக்கிக்கொண்ட ஸ்லைடு என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு பாகம் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் விலகி நிற்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் பலம் கொடுத்தால் ஸ்பிரிங் கம்பி வளையும், ஸ்லைடு ஓடும் தடமான ரெயில் கீறிக்கொள்ளும், ஃபிரேம் (பிடியோடு சேர்ந்த உடல் பகுதி) பிளாஸ்டிக்காக இருந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள் மடங்கும்.

இன்னொன்று. கழற்றுவதற்கு முன் தோட்டா இல்லை என்று பார்த்திருப்பீர்கள், சரி. இருந்தாலும் மேகசின் (தோட்டா நிரப்பும் பெட்டி) வெளியே இருக்கிறதா, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) காலியா என்று திரும்பவும் பாருங்கள். ஸ்லைடு சிக்கியிருப்பதால் கண்ணால் பார்க்க முடியவில்லை என்றால் சேம்பரில் தோட்டா இருப்பதாகவே வைத்துக்கொண்டு, குழல் முனையை ஆபத்தில்லாத திசையில் வைத்துத்தான் எல்லாமே. மேசையிலும் அந்த அறையிலும் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

சரி, பார்த்துவிட்டேன். இப்போது எந்தப் பக்கம் தள்ளுவது?

எந்தப் பக்கத்திலிருந்து வந்து சிக்கியதோ அந்தப் பக்கம். முன்னாலிருந்து பின்னால் ஏற்றும்போது நின்றது என்றால் முன்னோக்கித்தான் திரும்ப எடுக்க வேண்டும். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து, டார்ச் அடித்து, ஸ்லைடுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே எது தட்டுகிறது என்று பாருங்கள். பாதிக்குப் பாதி இதிலேயே காரணம் தெரிந்துவிடும். பார்த்த பிறகு கையால் லேசாக முன்னும் பின்னும் ஆட்டினால் வந்துவிடும். வரவில்லையா, மரக்குச்சியோ பிளாஸ்டிக் தலை வைத்த சிறு சுத்தியலோ வைத்து மெதுவாகத் தட்டலாம். இரும்புச் சுத்தியல், ஸ்குரூ டிரைவர் நுனி இரண்டும் வேண்டவே வேண்டாம்.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பாதியில் சிக்கிய துப்பாக்கிக்குள் ஸ்பிரிங் அழுந்திய நிலையில் இருக்கிறது, விடுபட்டால் உங்கள் முகத்துக்கு நேராகத்தான் வரும்.

எல்லோரும் அதிகம் செய்யும் தப்பு எது?

ரீகாயில் ஸ்பிரிங்கை, அதாவது பின்னால் போன ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் சுருளை, தப்பாக வைப்பது. வேறு எதுவும் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

குளோக் மாதிரித் துப்பாக்கிகளில் ஸ்பிரிங்கும் அதன் நடுவே போகும் கைடு ராடும் ஒரே துண்டாக இருக்கும். அந்த ராடின் பின்பக்கத் தட்டு, குழலின் அடியில் இருக்கும் கட்டையில் அரை வட்டமாக வெட்டியிருக்கும் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். அதற்கு ஒரு படி மேலேயும் ஒரு விளிம்பு இருக்கிறது, அவசரத்தில் பலர் அதில் வைத்துவிடுகிறார்கள். பார்ப்பதற்கு உட்கார்ந்த மாதிரியே இருக்கும். ஆனால் ராடு சற்றே சாய்ந்திருக்கும், ஸ்லைடை ஏற்றும்போது எங்காவது முட்டும். ஸ்லைடைத் தலைகீழாக வைத்து, பக்கவாட்டில் பாருங்கள்: ராடு குழலுக்கு இணையாக நேராக ஓட வேண்டும். சாய்ந்திருந்தால் எடுத்து மறுபடி வையுங்கள், அவ்வளவுதான்.

1929-இல் வந்த வால்தர் பிபி, அதன் பிறகு வந்த மகரோவ், இவற்றில் கதை வேறு. குழல் ஃபிரேமோடு பொருத்தப்பட்டது, ஸ்பிரிங் குழலைச் சுற்றிப் போகும். அந்த ஸ்பிரிங்கின் ஒரு முனை சற்றுக் குறுகலாக இருக்கும். குறுகலான முனைதான் முதலில் குழலில் ஏறி ஃபிரேம் பக்கம் போக வேண்டும். மாற்றிப் போட்டால் ஸ்பிரிங் குழலைப் பிடிக்காமல் தளர்ந்து ஆடும், ஸ்லைடை ஏற்றும்போது வளையங்கள் மடங்கிச் சிக்கும். விரலால் தடவிப் பார்த்தாலே எந்த முனை இறுக்கம் என்று தெரியும்.

1911 என்ற மாடல் துப்பாக்கியில் ஸ்லைடு ஸ்டாப் (ஸ்லைடைப் பின்னால் பிடித்து நிறுத்தும் நெம்புகோல்) உள்ளே போய்விட்டது, ஆனால் ஸ்லைடு சரியாக நகரவில்லை. என்ன ஆயிற்று?

ஸ்லைடு ஸ்டாப்பின் ஊசி, அதாவது பின், லிங்கைத் தவறவிட்டிருக்கிறது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்தத் துப்பாக்கியில் குழலின் அடியில் லிங்க் என்று ஒரு சின்ன ஆடும் துண்டு இருக்கிறது. ஸ்லைடு ஸ்டாப்பின் அந்த ஊசி ஃபிரேமின் ஒரு துளை வழியாகப் போய், லிங்கின் துளைக்குள் நுழைந்து, மறுபக்கத் துளையில் வெளியே வர வேண்டும். லிங்க் சாய்ந்து கிடந்தால் ஊசி அதற்கு முன்னாலோ பின்னாலோ போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது மாதிரியே தெரியும், அதுதான் இதில் உள்ள கெட்ட விஷயம்.

முதல் தடவை எனக்கும் இதுதான் நடந்தது, அரை மணி நேரம் போராடினேன். வழி இதுதான்: ஸ்லைடைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஸ்லைடு ஸ்டாப்பைக் கழற்றும்போது பயன்படுத்திய அந்த அரை வட்ட வெட்டு, ஸ்டாப்பின் நாக்குக்கு நேராக வரும்வரை கொண்டுபோங்கள். வந்ததும் வலப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் பின்னை ஒரு மரக்குச்சியால் அழுத்தினால் வெளியே வந்துவிடும். பிறகு துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி, லிங்க் நிமிர்ந்து நிற்கும்படி வைத்து, ஸ்லைடை மெல்ல நகர்த்திக்கொண்டே ஃபிரேம் துளை வழியாகப் பாருங்கள். உள்ளே லிங்கின் துளை வட்டமாகத் தெரியும். முழு வட்டமும் தெரிந்த பிறகுதான் பின்னை விட வேண்டும், பாதி வட்டம் தெரியும்போது விடக் கூடாது.

அப்புறம் அந்தக் கீறல். ஸ்லைடு ஸ்டாப்பைத் தூக்கிச் சுழற்றிப் பொருத்தும்போது ஃபிரேமின் இடப்பக்கத்தில் வில் மாதிரி ஒரு கோடு விழுந்துவிடும். ஸ்டாப்பைக் கீழிருந்து சுழற்றாமல், ஏறக்குறைய அதன் இடத்துக்கே கொண்டுபோய், பக்கத்தில் இருக்கும் ஸ்பிரிங் வைத்த சிறு ஊசியை (பிளஞ்சர்) விரல் நகத்தாலோ பிளாஸ்டிக் அட்டையாலோ உள்ளே தள்ளிக்கொண்டு நேராக அழுத்தினால் கீறல் விழாது. விழுந்துவிட்டால் அது அழகுக்குத்தான் கேடு, வேலைக்குக் கேடில்லை.

1911-இன் ஸ்பிரிங் மூடி பறந்துபோய்விட்டது. இது சகஜமா?

சகஜம், ஆனால் ஆபத்து. முழு நீள .45 துப்பாக்கியின் வழக்கமான ரீகாயில் ஸ்பிரிங் 16 பவுண்டு, அதாவது ஏழு கிலோவுக்கு மேல். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் குழல் முனையைச் சுற்றியிருக்கும் வளையமான புஷிங்கைத் திருப்புகிறோம். கட்டைவிரலை மூடியின் மேல் முழுதாக வைத்து, முனையை முகத்துக்கு நேரே காட்டாமல் திருப்புங்கள். பறந்த மூடி கிடைத்ததும் அதன் விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் மாட்டாதீர்கள்.

ருகர் .22 பிஸ்டல். பூட்டிவிட்டேன், போல்ட் (இதில் ஸ்லைடுக்குப் பதிலாக உள்ளே நகரும் உருளை) பாதிக்கு மேல் பின்னால் வரவில்லை.

இந்தக் குடும்பத்தின் பெயர் கெட்டதே இதனால்தான். 1949-இல் வந்த முதல் மாடலிலிருந்து மார்க் 3 வரை எல்லாவற்றுக்கும் இதே பாடு. 2016-இல் வந்த மார்க் 4-இல் ஒரே பொத்தானில் பிரிக்கும்படி மாற்றியே விட்டார்கள்.

காரணம் ஒன்றுதான். விசையை இழுத்ததும் அடிக்கும் சுத்தியான ஹேமரிலிருந்து ஒரு கம்பி தொங்கும், ஸ்டிரட் என்பார்கள். பிடியின் பின்பக்கம் மெயின்ஸ்பிரிங் ஹவுசிங் என்ற ஸ்பிரிங் கூட்டை மூடும்போது அந்தக் கம்பியின் நுனி, ஸ்பிரிங்கின் மேலுள்ள சிறு குழியில் போய் உட்கார வேண்டும். உட்காராமல் முன்பக்கம் மாட்டிக்கொண்டால் ஹேமர் முழுதாகப் பின்னால் சாய இடமில்லை, அதனால் போல்ட்டும் வராது.

ஹவுசிங்கைத் திறந்து எடுங்கள். ஹேமர் கீழே, அதாவது முன்பக்கம் சாய்ந்த நிலையில் இருக்க வேண்டும். மார்க் 3-ஆக இருந்தால் காலி மேகசினைப் போட்டால்தான் விசை வேலை செய்து ஹேமர் விழும், இதைத் தெரியாமல் எத்தனையோ பேர் துப்பாக்கியே கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். ஹவுசிங்கின் மேல் பின்னைத் துளையில் விட்டபிறகு, மூடுவதற்கு முன், குழல் முனையை மேலே பார்க்கத் திருப்புங்கள். கம்பி தன் எடையிலேயே பின்பக்கம் ஆடி வந்து விழும். அந்த நிலையிலேயே மூடுங்கள். மூடியதும் போல்ட்டை இழுத்துப் பாருங்கள், முழு நீளமும் வர வேண்டும். வரவில்லை என்றால் தாழ்ப்பாளை அழுத்தி மூட முயலாமல் மறுபடி திறந்து ஆரம்பத்திலிருந்து செய்யுங்கள்.

இதே துப்பாக்கியில் இன்னொரு சத்தமில்லாத தப்பு உண்டு. போல்ட்டுக்குள் ஃபயரிங் பின்னை, அதாவது தோட்டாவைக் குத்தும் ஊசியை, தடுத்து நிறுத்த ஒரு சிறு குறுக்கு ஊசி இருக்கிறது. போல்ட்டையும் பிரித்துத் துடைத்தவர்கள் இதை மாட்ட மறந்துவிடுவார்கள். துப்பாக்கி நன்றாகவே பூட்டிக்கொள்ளும். ஆனால் காலியாக விசையை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் ஃபயரிங் பின் சேம்பரின் விளிம்பில் குத்திப் பள்ளம் போடும். மேசையில் ஒரு சின்ன ஊசி மிச்சமிருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சிறிய சிக் பி238 வைத்திருக்கிறேன். ஸ்லைடு எதிலோ முட்டுகிறது.

எஜெக்டர், அதாவது வெற்றுக்கூட்டை வெளியே தள்ளும் நாக்கு. பி238, பி938 இரண்டிலும் ஸ்லைடை ஏற்றும்போது எஜெக்டரை விரலாலோ பேனா முனையாலோ கீழே அழுத்திப் பிடித்து, ஸ்லைடு அதன் மேல் தாண்டிப் போக விட வேண்டும். நிமிர்ந்த நிலையில் விட்டுவிட்டு ஸ்லைடைத் தள்ளினால் சேதமாகும். சிஇசட் 75 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் ஸ்லைடிலும் ஃபிரேமிலும் பின்புறம் சிறு கோடுகள் இருக்கின்றன, இரண்டையும் நேராக்கினால் ஸ்லைடு ஸ்டாப் போகவும் வரவும் வழி கிடைக்கும்.

நன்றாகப் பூட்டிக்கொண்டது. ஆனால் விசை தளர்ந்து கிடக்கிறது, டிக் என்ற சத்தமே இல்லை.

முதலில் ஸ்லைடை ஒரு தடவை முழுதாகப் பின்னால் இழுத்து விடுங்கள். பூட்டும்போது விசை பின்பக்கம் இருந்திருக்கும், கொக்கி மாட்டியிருக்காது. பெரும்பாலானோருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகவில்லை என்றால், ஸ்லைடு உண்மையிலேயே கடைசிவரை முன்னால் போயிருக்கிறதா என்று பின்பக்க விளிம்பைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் விசைக்கும் ஃபயரிங் பின்னுக்கும் தொடர்பு இல்லாமல் போகலாம். அதற்கும் மேல், மேகசின் இல்லாமல் விசை வேலை செய்யாத துப்பாக்கிகள் இருக்கின்றன. 1935-இன் பிரவுனிங் ஹை பவர் அப்படித்தான். காலி மேகசினைப் போட்டுப் பாருங்கள்.

குளோக்கில் ஃபிரேமுக்குள்ளும் பிரித்தவர்களுக்கு மட்டும்: பழைய தலைமுறைகளில் விசை ஸ்பிரிங் சுருள் வடிவில் இருக்கும், மாட்டிய பிறகு பக்கவாட்டில் பார்த்தால் எஸ் எழுத்து மாதிரி தெரிய வேண்டும். தலைகீழாக மாட்டினால் விசை திரும்பி வராது. அதே துப்பாக்கியில் குழலுக்கு அடியில் குறுக்கே ஓடும் ஸ்லைடு லாக் என்ற தகட்டின் பள்ளமுள்ள முகம் பின்னோக்கி இருக்க வேண்டும். மாறிப்போனால் ஸ்லைடைப் பிடித்து வைக்கும் பிடிமானமே போய்விடும், அது முன்னால் கழன்று ஓடக்கூடும். இந்த ஒரு தகட்டை நான் மூன்று தடவை பார்ப்பேன்.

ஒரு பாகம் மிச்சமிருக்கிறது. துப்பாக்கி வேலை செய்கிறது. விட்டுவிடலாமா?

கூடாது. தயாரிப்பாளர் தேவையில்லாமல் ஒரு ஸ்பிரிங்கைக்கூடப் போடுவதில்லை. விசை இழுக்காதபோது ஃபயரிங் பின் முன்னால் போகாமல் தடுக்கும் சிறு துண்டு இல்லாவிட்டாலும் துப்பாக்கி அழகாகச் சுடும். கீழே விழும்போதுதான் அது இல்லை என்பது தெரியும். கையேட்டில் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படம் இருக்கும், அதில் மிச்சமிருப்பதைக் கண்டுபிடித்து, அது போக வேண்டிய இடம்வரை பிரித்துப் போடுங்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும், மற்றதெல்லாம் இதற்கு முன்னோட்டம். மேகசின் வெளியே, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்தாயிற்று, முனை பாதுகாப்பான திசையில். பிறகு ஸ்லைடை நாலைந்து தடவை முழுதாக இழுத்து விடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே சத்தம், ஒரே இழுப்பு, ஒரே வேகத்தில் மூடிக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் மட்டும் கரகரவென்று இருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது.

விசையை இழுங்கள், டிக். இழுத்த விசையை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்லைடை இழுத்து விடுங்கள். ஹேமரோ, ஹேமர் இல்லாதவற்றில் அதன் வேலையைச் செய்யும் ஸ்டிரைக்கரோ இப்போது விழக் கூடாது. விசையை மிக மெதுவாக விடுங்கள், சின்னதாக இன்னொரு டிக் கேட்கும், அதுதான் விசை திரும்ப மாட்டிக்கொண்ட சத்தம். மறுபடி இழுத்தால் மறுபடி விழ வேண்டும். விசையைப் பிடித்திருக்கும்போதே விழுந்தால் அந்தத் துப்பாக்கி ஒரே இழுப்பில் ஒன்றுக்கு மேல் சுடக்கூடும், அதில் தோட்டா போடவே கூடாது.

சேஃப்டி இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு விசையை அழுத்துங்கள், ஒன்றும் நடக்கக் கூடாது. விசையை விட்டு, சேஃப்டியை எடுக்கும்போதும் ஒன்றும் விழக் கூடாது, இந்த இரண்டாவது பாதியைப் பலர் பார்ப்பதே இல்லை. 1911 மாதிரிப் பிடியிலும் சேஃப்டி இருந்தால் அதை அழுத்தாமல் விசையை இழுத்துப் பாருங்கள். கடைசியாகக் காலி மேகசினைப் போட்டு ஸ்லைடை இழுத்தால், அந்த வசதியுள்ள துப்பாக்கிகளில் பின்னாலேயே நிற்க வேண்டும்.

அப்புறம் குழல். வெளிச்சத்துக்கு எதிரே, ஸ்லைடு திறந்த நிலையில், பின்பக்கத்திலிருந்து பாருங்கள். துடைத்த துணித்துண்டு உள்ளேயே தங்கிவிடுவது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது, அதோடு சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும்.

துப்பாக்கி சரியாக இருக்கிறது, ஆனால் தோட்டா ஏறவில்லை.

மேகசினையும் பிரித்துத் துடைத்தீர்களா? அப்படியானால் அதன் ஸ்பிரிங் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம். மேல் வளையத்தின் சாய்வும், தோட்டாவை மேலே தூக்கும் தகடான ஃபாலோயரின் சாய்வும் ஒத்துப்போக வேண்டும். விரலால் ஃபாலோயரை அழுத்தி விடுங்கள், சாயாமல் நேராக மேலே வர வேண்டும். ஒன்றுக்கு இரண்டு மேகசின் இருந்தால் ஒன்றை மட்டும் பிரியுங்கள், மற்றது பார்த்து மாட்ட உதவும்.

ரிவால்வரில் இதெல்லாம் வராதுதானே?

வரும், வேறு மாதிரி. சுத்தம் செய்யப் பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை, சிலிண்டரும் குழலும் போதும். கழற்றியே விட்டீர்கள் என்றால் ஸ்குரூக்களை இடம் மாற்றாதீர்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் முன்பக்க ஸ்குரூதான் சிலிண்டரைத் தாங்கும் கையைப் பிடித்து நிறுத்துகிறது, அதன் நுனி அந்த இடத்துக்கென்றே செய்யப்பட்டது. மாற்றிப் போட்டால் சிலிண்டர் இறுகும், அல்லது திறந்ததும் கழன்று கையில் வரும். தகடு வராவிட்டால் நெம்பாதீர்கள், பிடியின் சட்டத்தில் மரக்கைப்பிடியால் தட்டினால் அதிர்வில் தானாக எழும்பும்.

சிலிண்டரிலிருந்து வெற்றுக்கூடுகளை வெளியே தள்ளும் எஜெக்டர் ராடு தளர்ந்தால் சிலிண்டர் திறக்காது. 1960 வாக்கிலிருந்து வரும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்களில் அந்த ராடின் மரை இடப்பக்கச் சுற்று, வழக்கமான திசையில் இறுக்குகிறேன் என்று திருப்பினால் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.

சரிசெய்த பிறகு முதல் முறை சுடும்போது?

களத்தில், காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்போடு, மேகசினில் ஒரே ஒரு தோட்டா. சுட்டதும் ஸ்லைடு பின்னால் நின்றதா, வெற்றுக்கூடு தெறித்ததா, கூட்டில் வீக்கமோ கிழிசலோ இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து இரண்டு. விசையை ஒரு முறை இழுத்தால் ஒன்றுதான் போக வேண்டும். இரண்டும் தனித்தனியாகப் போன பிறகுதான் முழு மேகசின்.

எப்போது நானே முயல்வதை நிறுத்த வேண்டும்?

பதினைந்து நிமிடம் பார்த்தும் எது தட்டுகிறது என்று தெரியவில்லை என்றால். ஒரு பாகம் வளைந்திருந்தால் அல்லது விரிசல் தெரிந்தால். மேலே சொன்ன சோதனையில் ஒன்றே ஒன்று தவறினாலும். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் சிக்கியிருந்தால் எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். முனையைப் பாதுகாப்பான பக்கம் வைத்துவிட்டு, முதலில் துப்பாக்கி பழுதுபார்ப்பவருக்குப் பேசி, எப்படிக் கொண்டுவரலாம் என்று கேளுங்கள்.

கொண்டுபோகும்போது மிச்சமிருந்த பாகம், உடைந்த துணுக்கு எல்லாவற்றையும் ஒரு சின்ன உறையில் போட்டுக் கொடுங்கள். என்னென்ன கழற்றினீர்கள், எங்கே சிக்கியது, சுத்தியலால் தட்டினீர்களா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தத் தகவல்தான்.